கைதட்டும் கடுதாசியும்

(வெள்ளகோவிலில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



2010 ஜூன் 23. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாள். உங்களில் பலர் வேன் பிடித்துப் போயிருப்பீர்கள். குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டில் கொடிசியா வளாகத்தில் தொடங்கிவைத்தார். அன்று பிற்பகலில் 'இனியவை நாற்பது' என்ற பெயரில் அலங்கார ஊர்திகள் போயின. அதே நாளில் தமிழ்நாடு அரசு சத்தமில்லாமல் ஓர் அரசாணையும் வெளியிட்டது. கணினியில் தமிழ் எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிப்பது என்பதற்கான ஆணை அது. இனிமேல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடுதான் தரம். யூனிகோடு சரியாக வேலை செய்யாத இடங்களில் டேஸ் 16 என்ற இன்னொரு தரம்.

ஊர்தியைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்த ஆணையைப் படித்தவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த ஒரு விஷயத்துக்காகச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த தமிழர்கள் பத்து வருடத்துக்கு மேல் ஒருவரையொருவர் துரோகி என்றும் அரைவேக்காடு என்றும் திட்டிக்கொண்டார்கள்.

தொழில்நுட்பம் பற்றி நாம் போட்ட சண்டைகளைத்தான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டேன். அவற்றில் யார் ஜெயித்தார்கள், எதனால் ஜெயித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். மேடையில் கைதட்டு வாங்கியவர் பெரும்பாலும் ஜெயிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் அனுப்பியவர் ஜெயித்திருக்கிறார். மேடையேறி நின்றுகொண்டு நான் இதைச் சொல்வது வேடிக்கைதான், இருக்கட்டும்.

முதலில் சண்டை என்னவென்று விளங்க வேண்டும். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். வெள்ளகோவில். வெ, ள், ள, கோ, வி, ல். ஆறு எழுத்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்லும். யூனிகோடைக் கேட்டால் பதினொன்று என்று சொல்லும். வ ஓர் எண், அதன் ஒற்றைக்கொம்பு ஓர் எண். ள ஒன்று, அதன் புள்ளி ஒன்று. அடுத்த ள ஒன்று. க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. வ ஒன்று, இகரக் குறி ஒன்று. ல ஒன்று, புள்ளி ஒன்று. கூட்டிப் பாருங்கள். இணையத்தில் அனுப்பும்போது இந்த ஒவ்வோர் எண்ணும் வழக்கமாக மூன்று பைட் பிடிக்கும். ஆக 33 பைட். இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து, பத்து பைட்டோடு வேலை முடிந்தது.

இதோடு போகவில்லை. 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் போடலாம். முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு எண்ணாகவும் போடலாம். அப்போது உங்கள் ஊருக்குப் பன்னிரண்டு எண். திரையில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று யூனிகோடு விதி இருக்கிறது. ஆனால் மென்பொருள் எழுதும் பையனுக்கு அந்த விதி தெரியாவிட்டால், ஒரு வகையில் பதிந்த பெயரை இன்னொரு வகையில் தட்டித் தேடும்போது 'அப்படி ஒன்று இல்லை' என்று வரும். கண்ணெதிரே இருக்கிற ஊர் கணினிக்கு இல்லாமல் போய்விடும்.

வரிசையையும் பாருங்கள். நம் அகராதியில் ழகரம் முந்தும், ளகரம் பிந்தும். அதனால் பழனி முதலில், பள்ளிபாளையம் பிறகு. யூனிகோடில் ள-வின் எண் 2995, ழ-வின் எண் 2996. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் பள்ளிபாளையத்தை முதலில் வைத்துவிடும். அப்படி ஆகாமல் தனியாக ஒரு வரிசைப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தினால் சரியாக வரும். பயன்படுத்தாதவர்கள் நிறையப் பேர்.

டேஸ் 16 காரர்கள் கேட்டது எளிமையானது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்த 247-க்கும் ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள், அகராதி வரிசையிலேயே கொடுங்கள் என்றார்கள். அப்படிச் செய்தால் வெள்ளகோவில் ஆறு எண்ணில் அடங்கிவிடும். தேடலும் வரிசையும் தானாகச் சரியாகும். கணக்காகப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. நியாயம் இருந்தும் ஏன் தோற்றார்கள்?

எண்களைப் பங்கு போட்ட காலத்துக்குப் போக வேண்டும். 1988இல் இந்திய அரசின் மின்னணுத் துறை எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டமாக இஸ்கி என்ற தரத்தைச் செய்தது. தேவநாகரிதான் அதற்கு அச்சு. 1991 அக்டோபரில் வந்த யூனிகோடு முதல் பதிப்பு அதன் அடிப்படையில் ஒவ்வோர் இந்திய எழுத்துக்கும் 128 இடம் ஒதுக்கியது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. அதில் க-வின் எண் 2965. அடுத்த எழுத்தான ங-வின் எண் 2969. நடுவில் மூன்று இடம் இன்றைக்கும் காலி. இந்தியில் க-வுக்குப் பிறகு வரும் மூன்று எழுத்துகளுக்கான இடம் அது. நமக்கு அந்த எழுத்துகளே கிடையாது. 128இல் நாம் நிரப்பியிருப்பது 72. உயிர்மெய்க்கு இடமில்லை என்று சொன்ன அதே வீட்டில் 56 அறை பூட்டிக் கிடக்கிறது.

பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் மடைப் பங்கீடு எழுதும் நாளில் கடைமடைக்காரன் அங்கே இல்லாவிட்டால், பிறகு எத்தனை மறியல் செய்தாலும் முழுப் பங்கு வந்து சேராது. 1988இலும் 1991இலும் தமிழுக்காகப் பேச அந்த இடத்தில் ஆள் பலம் இல்லை.

அப்படியென்றால் தமிழர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் ராத்திரி பகலாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' செய்தார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, ஒரு சிறுகதை எழுத்தாளர், தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டு 1999இல் காலமானார். யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண் முறை வைத்திருந்தார்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைகளின் இணையதளங்களோ ஆளுக்கொரு எழுத்துருவை இறக்கச் சொல்லின.

இதையெல்லாம் ஒன்றாக்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு. 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் அடுத்தது. சென்னையில் தமிழ்99 விசைப்பலகை முடிவாயிற்று. டாம், டாப் என்று இரண்டு எழுத்துரு முறைகளும் முடிவாயின. வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிச் செய்த திஸ்கி என்ற முறை தனியாக நின்றது. ஆக, ஒன்றாக்கக் கூடிய கூட்டம் கலைந்தபோது கையில் மூன்று இருந்தது. விசைப்பலகைச் சண்டையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தமிழ்99 நல்ல பலகை, மக்கள் கைபேசியில் 'அம்மா'வை ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்கிக்கொண்டு போய்விட்டார்கள், கதை முடிந்தது.

இந்தப் பழைய முறைகளின் எச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் கடைவீதிக்குப் போனால் போதும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் இன்றைக்கும் பேஜ்மேக்கர் இருக்கும்; வானவில், பாமினி, ஸ்ரீலிபி என்று பழைய எழுத்துருக்கள் இருக்கும். நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் கல்யாணப் பத்திரிகை வாசகத்தை அவர் அதில் ஒட்டினால், 'கொ'வின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். சில எழுத்து வெறும் கட்டமாகும். "அண்ணா, இது யூனிகோடுங்க, நான் திருப்பி அடிச்சுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு முழுதையும் மறுபடி தட்டச்சு செய்வார். தட்டும்போது உங்கள் தாய்மாமன் பெயரில் ஒரு பிழை விழும். அச்சுத் தொழிலுக்காக டேஸ் 16 வேண்டும் என்று 2010 ஆணை சொன்னதற்குக் காரணம் இந்தக் கொம்புதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1996 ஜூலையில் யூனிகோடு இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் கொரிய மொழிக்கு 11,172 இடம் கொடுத்தார்கள். கொரிய எழுத்தும் நம்முடையது போல மெய்யும் உயிரும் கூடி அசையாகும் எழுத்து. முதல் பதிப்பில் அவர்களுக்குக் கிடைத்ததில் அவர்களுக்குத் திருப்தியில்லை. தங்கள் தேசியத் தரத்தை முன்னால் வைத்து, எழுதி, பேசி, ஏற்கெனவே கொடுத்த எண்களைக்கூட இடம் மாற்ற வைத்தார்கள். கொடுத்த எண்ணை மாற்றினால் பழைய கோப்பெல்லாம் என்ன ஆகும் என்ற குழப்பம் அதில் வந்தது. அதற்குப் பிறகு யூனிகோடு கதவைச் சாத்திவிட்டது: ஒருமுறை கொடுத்த எண்ணை இனி எக்காலத்துக்கும் நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்று உறுதி.

11,172 கொடுத்தவர்கள் 247 கொடுக்கமாட்டார்களா என்று நம் மேடைகளில் கேட்டபோதெல்லாம் பலமாகக் கைதட்டு விழுந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் கொரியர்கள் வாங்கியது 1996இல். நம்முடைய முதல் மாநாடே 1997இல். ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தை மேடையில் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னால் கைதட்டு விழாது.

டேஸ் 16 வந்தபோது விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடோடு வந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில் வளர்ந்துகொண்டிருந்தது. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று இலவச மென்பொருள்களை இளைஞர்கள் செய்துவிட்டார்கள். கூகுள் தேடியது யூனிகோடை. டேஸுக்குக் கிடைத்ததோ 'தனிப்பயன் பகுதி'. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் புறம்போக்கு. 2010 ஆணை இரண்டு தரப்புக்கும் மனம் நோகாமல் எழுதிய ஆணை. மனம் நோகவில்லை, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில் டேஸும் இல்லை.

கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி இன்னொரு சர்ச்சையும் ஓடியது: எழுத்துச் சீர்திருத்தம். கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி, நம் கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்துக்காரர், இகர ஈகார உகர ஊகார உயிர்மெய்களைத் தனிக்குறி போட்டு எழுதினால் குழந்தைகள் எளிதாகக் கற்கும் என்று பல்லாண்டாகச் சொல்லிவந்தார். ஈரோட்டுப் பெரியார் 1935இல் தொடங்கியதை 1978இல் எம்.ஜி.ஆர். ஆணையாக்கவில்லையா, அதன் அடுத்த படி இது என்பது அவர் வாதம். 1978இல் மாறியது 13 எழுத்து. இவர் தொட்டது 72. கோவையில் அறிவித்துவிடுவார்களோ என்று பயந்து உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது, அறிவிப்பு வரவில்லை. வராதது நல்லது என்று நினைக்கிறேன். பெரியார் காலத்தில் அச்சுக்கோப்பவரின் பெட்டி ஒரு காரணம். 2010இல் அந்தப் பெட்டியே இல்லை.

மாநாடு முடிந்து நான்கு மாதத்தில் கிரந்தச் சண்டை வந்தது. இங்கே இரண்டு முன்மொழிவுகள் இருந்தன, இரண்டும் வேறு வேறு. ஒன்று, சமஸ்கிருதம் எழுதத் தமிழகத்தில் வழங்கிய பழைய கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் தனி இடம் கேட்டது. அந்த இடத்துக்குள் எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழ் எழுத்துகளின் வடிவையும் வைக்கலாமா என்பது அதில் கேள்வி. மற்றொன்று, சமஸ்கிருத ஒலிகளைத் தமிழ் எழுத்தோடு சேர்த்து எழுதக் கிரந்தக் குறிகளைத் தமிழோடு சேர்க்கக் கேட்டது. பொதுக்கூட்டங்களில் இரண்டையும் கலந்து 'தமிழுக்குள் கிரந்தம் நுழைகிறது' என்று ஒரே முழக்கமாக்கினார்கள். திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி உள்ளிட்டோர் எதிர்த்தனர். நவம்பர் தொடக்கத்தில் முதல்வர் கருணாநிதி அறிஞர்களைக் கூட்டிப் பேசி, மத்திய அமைச்சர் ஆ. இராசாவுக்குக் கடிதம் எழுதினார். முடிவு தள்ளிப்போயிற்று. 2014 ஜூனில் யூனிகோடு ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனி இடத்தில் வந்தது, அந்த ஐந்து தமிழ் எழுத்தும் இல்லாமல். தமிழோடு சேர்க்கும் முன்மொழிவு ஏறவேயில்லை.

பயத்துக்கு அடிப்படை இருந்தது. ஆனால் யூனிகோடு கூட்டமைப்பு முழக்கத்தை எண்ணிப் பார்க்கும் இடமல்ல. கலிபோர்னியாவில் இருக்கும் அமைப்பு. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகள் அதில் முழு உறுப்பினர்கள். அவர்கள் படிப்பது ஆவணத்தை. இந்த எழுத்து இந்தக் கட்டத்தில் ஏன் கூடாது என்று வரி வரியாக எழுதி அனுப்பியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

இதன் பின்கதை எனக்குப் பிடித்தது. தமிழோடு கிரந்தக் குறிகளைச் சேர்க்க முன்மொழிந்து அன்றைக்கு வசைபாடப்பட்ட ஆய்வாளரே பிறகு பழைய தமிழ்க் கணக்குகளையும் ஓலைகளையும் ஆராய்ந்து, வழக்கொழிந்த தமிழ்ப் பின்னங்களுக்கும் குறிகளுக்கும் இடம் கேட்டு முன்மொழிவு எழுதினார். ஆண்டுக்கணக்கில் திருத்தம் நடந்தது. 2019 மார்ச்சில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் 51 குறிகள் ஏறின. முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு, அதில் இருக்கிறது. குறுணி, பதக்கு, உழக்கு இருக்கின்றன. குழி, வேலி, நன்செய், புன்செய் இருக்கின்றன. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தில் வரும் சுழிப்பு எழுத்தை இன்றைக்கு எந்த நாட்டுக் கணினியும் ஏற்றுக்கொள்ளும். இதற்கு ஒரு கூட்டமும் நடக்கவில்லை, ஒரு போஸ்டரும் ஒட்டவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் கொப்பரை வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இந்த எண் சண்டையில எங்களுக்கென்னங்க போச்சு?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். களத்துக்காரர்களுக்கு அன்றாட விலையை எஸ்.எம்.எஸ். அனுப்புகிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70, அதுவும் எழுத்தாக அல்ல, நான் முன்பு எண்ணிக் காட்டிய கணக்கில். உங்கள் ஊர்ப் பெயரே பதினொன்றைச் சாப்பிட்டுவிடும். ஒரு செய்தி இரண்டாக உடைந்து போனால் இரண்டுக்குக் காசு. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதை வாடகைக்கு விடும் கம்பெனிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகின்றன. ஆங்கிலத்தையே அதிகம் பார்த்துப் பழகிய கத்தி, தமிழை நுணுக்கி வெட்டும். ஒரே சேதிக்கு நமக்குத் துண்டு அதிகம், பணமும் அதிகம். 1988இல் ஏதோ ஒரு மேசையில் போட்ட கோட்டின் வட்டியை, நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எழுதிக் கேட்டால் நடக்குமா என்பீர்கள். 2015இல் இணையச் சமநிலை, அதாவது எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்துவது பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி ஒரு தாள் வெளியிட்டு, சில தளங்களுக்கு மட்டும் இலவச இணையம் தரலாமா என்று குறிப்பாகச் சில கேள்விகள் கேட்டார்கள். 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று அப்படியொரு இலவசத் திட்டம் வைத்திருந்த ஃபேஸ்புக் கம்பெனி பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்து, தன் பயனர்களைக் கொண்டு 'நான் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்' என்று ஒரே வாசகத்தில் லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பவைத்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதில் பதில் இல்லையே என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று விதி வந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்த பெரிய கம்பெனியும் கேள்விக்குப் பதில் எழுதாமல் தோற்றது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்துக்கோ மில்லுக்கோ கூட்டுறவுக்கோ மென்பொருள் வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: தமிழ்ப் பெயரை எந்த வகையில் தட்டினாலும் தேடிக் கொடுக்குமா, அகராதி வரிசையில் அடுக்குமா, பத்து வருடம் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறினால் எங்கள் கோப்பை யூனிகோடில் திருப்பித் தருவீர்களா. பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். டிராய் போன்ற அமைப்புகள் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

யூனிகோடுக்கு முன்மொழிவு எழுத உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. படிவம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நிரப்பி அனுப்பலாம்.